எல்லோருக்கும் அன்னை: மேரி ஸ்லெசர் அம்மையார்

தொண்டைப் பற்றி மேடையேறி ஒரு மணி நேரம் பேசுவது எளிது. ஒரு நாள் மருத்துவமனைக்குச் சென்று, நோயாளிகளுக்குப் பழமும் ரொட்டியும் வழங்கித் திரும்புவதும் எளிது. ஆனால் முன்பின் அறியாத மக்களின் நடுவே மண்சுவர்க் குடில் ஒன்றை எழுப்பிக்கொண்டு, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் மொழியைப் பேசி, அவர்களுடைய நோயிலும் சாவிலும் பங்குகொண்டு, ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகளை ஒருவரால் கழிக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் மேரி ஸ்லெசர் அம்மையார்.

கிறித்தவச் சமயத் தொண்டர்கள் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த கதைகளை வரலாற்று மாணவன் என்ற முறையில் நான் ஓரளவு படித்திருக்கிறேன். அவற்றுள் பல, பயணக் கதைகள். மலை ஏறினார், ஆறு கடந்தார், ஏரியைக் கண்டார் என்று அவை விரியும். மேரியின் கதையோ ஒரு வீட்டின் கதை. அடுப்பு எரிவதும், குழந்தை அழுவதும், கூரை ஒழுகுவதும், வாசலில் வழக்காளிகள் காத்திருப்பதும் அதில் வருகின்றன. அதனால்தான் அது என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆலைக்குச் சென்ற சிறுமி

ஸ்காட்லாந்து நாட்டின் அபர்தீன் நகரில் 1848ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் மேரி பிறந்தார். ஏழு குழந்தைகளில் அவர் இரண்டாமவர். தந்தை செருப்புத் தைப்பவர், குடிக்கு அடிமையானவர். பிழைப்பைத் தேடி அக்குடும்பம் டண்டி நகருக்குப் பெயர்ந்தது. அங்கும் குடி விட்டபாடில்லை. கணவர் ஈட்டியது சாராயக் கடைக்குப் போக, தாய் தறியில் நின்று வீட்டைக் காத்தார்.

பதினோராம் வயதில் மேரியும் நெசவாலைக்குள் நுழைந்தார். பாதி நாள் ஆலை, மறுபாதி நாள் பள்ளி. பதினான்கு வயதுக்குள் தேர்ந்த தொழிலாளியாகிக் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை தறியருகே நின்றார். நூலிழைகள் ஓடும்போதே தறியின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு படித்தார். மாலையில் நகரத்துச் சேரிச் சிறுவர்களுக்கு ஞாயிற்றுப் பள்ளி வகுப்புகளை நடத்தினார். ஒரு நாள் முரட்டு இளைஞர் கூட்டம் ஒன்று அவரை மறித்தது. கயிற்றில் கட்டிய ஈயக் குண்டைத் தலைவன் அவர் முகத்துக்கு நேரே சுழற்றினான். குண்டு நெற்றியை உரசும் அளவுக்கு நெருங்கியும் மேரி இமைக்கவில்லை. சுழற்றியவன் தோற்று, தன் தோழர்களுடன் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தான்.

ஆப்பிரிக்காவுக்கு ‘இருண்ட கண்டம்’ என்று பெயரிட்டனர் அக்கால ஐரோப்பியர். டண்டியின் சந்துகளில் வளர்ந்த மேரிக்கு அவ்விருள் புதிதன்று. குடியையும், வறுமையையும், பெண் படும் அடியையும் அவர் தம் வீட்டிலேயே கண்டிருந்தார். பின்னாளில் ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் அவற்றைக் கண்டபோது அவர் அருவருப்படையவில்லை. நோயாளியை அறிந்த செவிலியைப் போல் நேரே வேலையில் இறங்கினார்.

காலபார்

லிவிங்ஸ்டன் 1873இல் மறைந்த செய்தி ஸ்காட்லாந்து இளைஞர் பலரை ஆப்பிரிக்காவை நோக்கி ஈர்த்தது. மேரியும் தம் திருச்சபையின் அயல்நாட்டுத் தொண்டுக் குழுவுக்கு விண்ணப்பித்தார். எடின்பரோவில் பயிற்சி பெற்றபின், 1876 ஆகஸ்டு 5ஆம் நாள் கப்பலேறி, செப்டம்பரில் இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கிலுள்ள காலபாரை அடைந்தார்.

அங்கே ஸ்காட்லாந்துத் திருச்சபையினர் 1846 முதலே பணியாற்றி வந்தனர். எஃபிக் மொழியில் விவிலியமும் அச்சாகியிருந்தது. தொண்டர்கள் குன்றின்மேல் ஐரோப்பிய முறை வீடுகளில் வாழ்ந்தனர். வேளைக்கு மணி, விருந்துக்குத் தனி உடை என ஒழுங்குமுறைகள் பல. ஆலைத் தொழிலாளியான மேரிக்கு அவ்வாழ்க்கை ஒட்டவில்லை. ஊதியத்தில் பெரும் பகுதியைத் தாய்க்கு அனுப்பிவிட்டதால் அதற்குரிய செலவும் கட்டுப்படியாகவில்லை. ஆகவே அவர் ஊர்மக்கள் உண்ணும் வள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் செம்பனை எண்ணெயையும் உண்ணத் தொடங்கினார். எஃபிக் மொழியை அவர்களைப் போலவே பேசக் கற்றார். நீண்ட கூந்தலைக் கத்தரித்தார். தொப்பியும் காலணியும் இன்றிக் காட்டுவழிகளில் நடந்தார். மலேரியாக் காய்ச்சல் அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. இருந்தும் அவர் தம் வழக்கத்தை மாற்றவில்லை.

அக்காலத்தில் அப்பகுதியை மூன்று கொடுமைகள் வாட்டின. இரட்டைக் குழந்தைகள் பிறந்தால், அவற்றுள் ஒன்று தீய ஆவியின் பிள்ளை என அஞ்சினர். எது என்று அறிய வழியில்லாமையால் இரண்டையும் பானையில் இட்டுக் காட்டில் எறிந்தனர்; தாயை ஊரைவிட்டுத் துரத்தினர். தலைவர் ஒருவர் இறந்தால் மனைவியரும் அடிமைகளும் அவருடன் சாக நேர்ந்தது. எவர் மீதேனும் சூனியக் குற்றம் விழுந்தால், எசரே என்னும் நஞ்சு அவரையை அரைத்துக் குடிக்கச் செய்தனர். வாந்தியெடுத்துப் பிழைத்தவர் நிரபராதி; மாண்டவர் குற்றவாளி. அதே அவரையிலிருந்து பிரித்தெடுத்த பொருளைக் கண்நோய்க்கும் தசைத் தளர்ச்சி நோய்க்கும் மருத்துவ உலகம் பிற்காலத்தில் பயன்படுத்தியது.

1878இல் ஆங்கிலக் கான்சலும் காலபார்த் தலைவர்களும் செய்துகொண்ட உடன்படிக்கை இவ்வழக்கங்களைத் தடைசெய்தது. ஆற்றங்கரை ஊர்களில் அதற்குச் சற்று மதிப்பு இருந்தது. காட்டுக்குள் இருந்த ஊர்களுக்கு அந்தக் காகிதத்தைப் பற்றித் தெரியவே தெரியாது.

ஒகோயோங்கில் ஒரு குடில்

கிராஸ் ஆற்றுக்கும் காலபார் ஆற்றுக்கும் இடைப்பட்ட காடு ஒகோயோங். அம்மக்கள் போர்க்குணம் மிக்கவர்கள். துப்பாக்கியும் ஜின் மதுவும் இல்லாத வீடில்லை. 1888 ஆகஸ்டில் மேரி அங்கே புறப்பட்டார். அதற்கு முன்பே தாயையும் தங்கையையும் இழந்திருந்த அவருக்கு, ஸ்காட்லாந்தில் வீடென்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கிரீக் டவுன் அரசர் ஏயோ தம் படகைத் தந்து உதவினார். உடன் சென்றவர்கள், அவர் எடுத்து வளர்த்த ஐந்து குழந்தைகள். கரையில் இறங்கியதும் மழை கொட்டியது. எகெங்கே என்னும் ஊர் நான்கு மைல் தொலைவில். அழும் குழந்தைகளை அணைத்துக்கொண்டு சேற்றில் நடந்தார். ஊரை அடைந்தபின்தான், சுமையாட்கள் இருட்டுக்கு அஞ்சிப் படகிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. மாற்று உடையில்லை, உணவில்லை. அந்த இரவிலேயே வந்த வழியே திரும்பி ஆற்றுக்கு நடந்து, உறங்கியவர்களை எழுப்பிச் சுமைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஊர்த்தலைவர் எடெம், தம் மனைவியர் வாழும் முற்றத்தில் அவருக்கு ஓர் அறை கொடுத்தார். ஆடும் கோழியும் எலியும் சண்டையும் சத்தமும் நிறைந்த முற்றம். சில காலம் கழித்தே தனிக் குடில் எழுந்தது. மேரியே மண் குழைத்துச் சுவர் பூசினார்.

அவருடைய ஒரு நாள்

விடியற்காலையில் குழந்தைகளை எழுப்பிக் குளிப்பாட்டுவதும், சிசுக்களுக்கு டப்பாப் பாலைக் கரைத்துப் புகட்டுவதும் முதல் வேலை. பின் வீட்டு வழிபாடு. அதற்குள் வாசலில் நோயாளிகள் கூடிவிடுவர். புண்ணைக் கழுவிக் கட்டுவார், காய்ச்சலுக்கு மருந்து தருவார், அம்மை குத்துவார். அடுத்துப் பள்ளிக்கூடம். எழுத்துக் கற்க, குழந்தைகளோடு அடிமைகளும் தலைவர்களும் ஒரே தரையில் அமர்ந்தனர். பகலில் வழக்குகள்: காணாமற்போன ஆடு, தராத கடன், ஓடிப்போன மனைவி. பிறகு கூரை வேய்தலும் தோட்டவேலையும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராக நடந்து வழிபாடு நடத்தினார்.

நாட்காட்டி பார்க்க நேரமில்லாத வாழ்க்கை அது. கிழமை தவறித் திங்களன்று ஞாயிற்று வழிபாட்டை நடத்தியதும் உண்டு. ஞாயிறு என்று அறியாமல் வீட்டு வேலையில் மூழ்கியிருந்ததும் உண்டு. சமயத் தொண்டர் ஒருவர் ஓய்வு நாளையே மறந்தார் என்றால், அவருடைய நாட்கள் எவ்வளவு நிறைந்திருந்தன என்று எண்ணிப் பாருங்கள்.

இரவிலும் ஓய்வில்லை. சிசுக்களைத் தொட்டில்களில் கிடத்தி, அவற்றின் கயிறுகளைத் தம் படுக்கையருகே வைத்துக்கொள்வார். எந்தக் குழந்தை அழுகிறதோ அதன் கயிற்றை, படுத்தபடியே இழுத்து ஆட்டுவார். இந்தக் கயிறுகளை நினைக்கும்போதெல்லாம், ஆயிரம் சொற்பொழிவுகளைவிட அவை மிகுதியாகப் பேசுகின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

புதிய பாதை

ஈயே என்ற அடிமைப் பெண் ஒருத்தி இரட்டைக் குழந்தைகளை ஈன்றாள். செய்தி கேட்டு மேரி விரைந்தார். வழியிலேயே அவள் எதிர்ப்பட்டாள். குழந்தைகளை ஒரு பெட்டிக்குள் திணித்து அவள் தலையிலேயே ஏற்றி, ஊர் அவளை விரட்டிக்கொண்டிருந்தது. மேரி பெட்டியை வாங்கிக்கொண்டார். ஆனால் வழக்கமான பாதையில் அக்குழந்தைகளைக் கொண்டுபோனால், பின் அதில் எவரும் நடக்கமாட்டார்கள். நீர்த்துறைக்கும் சந்தைக்கும் போகும் வழி அடைபட்டுவிடும். மேரி வழக்காடிக்கொண்டிருக்கவில்லை. காட்டை வெட்டித் தம் வீட்டுக்குப் புதிய பாதை ஒன்று அமைக்கும்வரை வெயிலில் காத்து நின்றார்.

குழந்தைகளில் ஆண் இறந்தது, பெண் பிழைத்தது. சூசி என்ற பெயருடன் அது எல்லோருக்கும் செல்லமாக வளர்ந்தது. தொட அஞ்சியவர்களும் நாளடைவில் அதைத் தூக்கிக் கொஞ்சினர். பின்னர் ஒரு நாள் கொதிநீர் கொட்டி அச்சிறுமி இறந்தபோது, மேரியோடு சேர்ந்து ஊரும் அழுதது. இரட்டையரில் ஒருத்திக்காக ஒகோயோங் சிந்திய அந்தக் கண்ணீர்தான் மேரியின் பெரிய வெற்றி என்பேன்.

மருந்துக் குப்பி

மேரி ஒருவரே இதையெல்லாம் சாதித்தார் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. தலைவர் எடெமின் சகோதரி மா எமே அம்மையாரை மறக்கலாகாது. அவர் கைம்பெண். கணவர் இறந்தபோது, அவருடைய குற்றத்தை அறியக் கோழியின் தலையை வெட்டி அது துடிக்கும் விதத்தைப் பார்த்தனர். கோழி அவருக்குச் சாதகமாகத் துடித்ததால் உயிர் பிழைத்தவர் அவர். அந்த அச்சத்தை அனுபவித்தவர், பிற பெண்கள் அதை அனுபவிக்கலாகாது என்று எண்ணினார்.

எங்கேனும் நஞ்சுச் சோதனையோ போரோ மூளப்போகிறது என்று அறிந்தால், மா எமே ஒரு வெற்று மருந்துக் குப்பியை ஆள்வழி மேரிக்கு அனுப்புவார். மருந்து கேட்டு அனுப்பியதாக ஊர் நினைக்கும். மேரிக்கு மட்டும் அதன் பொருள் புரியும், உடனே புறப்பட்டுவிடுவார். இந்த இரகசியம் வெளிப்பட்டிருந்தால் மா எமேயின் உயிர் தப்பியிராது. அவர் கிறித்தவராகவில்லை, கடைசிவரை முன்னோர் வழியிலேயே நின்றார். மேரிக்கு அதில் வருத்தம் உண்டு. எனினும் அவர்கள் நட்பு குறையவில்லை. மனித உயிரைக் காக்கும் பணியில் இரு வேறு நம்பிக்கையினர் கைகோத்த அரிய காட்சி இது.

எட்டிமின் மரணம்

எடெமின் மகன் எட்டிம், திருமணத்துக்கு முன் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தான். மரத்தடி ஒன்று சரிந்து அவனை வீழ்த்தியது. இரண்டு வாரம் மேரி இரவு பகலாகப் பணிவிடை செய்தும் அவன் பிழைக்கவில்லை. சூனியமே காரணம் என்றான் மந்திரவாதி. ஓர் ஊரையும் சுட்டிக்காட்டினான். அவ்வூர் ஆண்களும் பெண்களும் சங்கிலியில் பிணைக்கப்பட்டு வந்து சேர்ந்தனர். எசரே அவரை காத்திருந்தது.

மேரி அப்போது சட்டம் பேசவில்லை, சாபமும் இடவில்லை. மகனை இழந்த தகப்பனுக்கு வேண்டியது மகனுக்குரிய பெருமைதானே என்று எண்ணினார். ஸ்காட்லாந்திலிருந்து வந்த பெட்டியைத் திறந்தார். நல்ல உடுப்பும் பட்டும் எடுத்து எட்டிமை அலங்கரித்தார். தலையில் பாகையும் இறகு வைத்த தொப்பியும் அணிவித்து, குடைநிழலில் நாற்காலியில் அமர்த்தி, கையில் வெள்ளிப்பூண் கோலைக் கொடுத்து, எதிரே கண்ணாடியும் வைத்தார். இப்படியொரு சிறப்பை ஊரார் கண்டதில்லை. துக்கம் கொண்டாட்டமாயிற்று. கைதிகளை மட்டும் அவர் கண்ணிலிருந்து விடவில்லை. அங்கே வீடுகட்ட வந்திருந்த தச்சர் ஓவென்சும் அவரும் மாறிமாறிக் காவல் இருந்தனர். நாட்கள் நகர்ந்தன, சினம் தணிந்தது, சங்கிலிகள் கழன்றன. எட்டிமோடு புதைக்கப்பட்டது ஒரு பசு மட்டுமே. தலைவர் வீட்டுச் சாவொன்று மனிதப் பலியின்றி முடிந்தது அங்கே அதுவே முதல்முறை என்பர்.

நாற்காலி மன்றம்

1892இல் ஆங்கில அரசு மேரியை ஒகோயோங்கின் துணைக் கான்சலாக்கி, ஊர்மன்றத்தின் தலைமையையும் அளித்தது. அரசின் படை காட்டுக்குள் புகுந்தால் இரத்தம் சிந்தும் என்று அஞ்சியே அவர் அதை ஏற்றார். ஆடும் நாற்காலியில் அமர்ந்து, கையில் பின்னல் வேலையுடன், மணிக்கணக்கில் வழக்குக் கேட்டார். ஒருமுறை இரு தரப்பினர் போருக்கு எழுந்தபோது, தாம் போய்ச் சேரும்வரை அவர்களைத் தாமதப்படுத்த எண்ணி, ஒரு பெரிய காகிதத்தில் எதையோ எழுதி அரக்கு முத்திரையிட்டு அனுப்பிவைத்தார். படிக்கத் தெரியாத அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேளையில் அவர் நடந்தே வந்து சேர்ந்தார்.

இங்கே நாம் ஓர் உண்மையை ஒளிக்கக் கூடாது. சமயத் தொண்டர் சென்ற வழியே பேரரசும் சென்றது. மேரியின் பதவியும் அப்பேரரசு தந்ததே. அயலார் ஒருவர் பிறர் வழக்கத்தில் தலையிட உரிமை ஏது என்று இன்று நாம் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். என் எண்ணம் இது: காட்டில் எறியப்பட்ட குழந்தைக்கும் வாழும் உரிமை உண்டு. அவ்வுரிமைக்காக வாதாடியவர் தொலைவில் இருந்து ஆணையிடவில்லை. அதே முற்றத்தில் வாழ்ந்து, அதே காய்ச்சலில் விழுந்து வாதாடினார். பேரரசின் ஆட்சி மறைந்துவிட்டது. இந்த வாதத்தை மறுப்பார் இலர்.

அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. 1891இல் சார்ல்ஸ் மாரிசன் என்ற இளம் ஆசிரியருடன் அவருக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாரிசனை ஒகோயோங்குக்கு அனுப்பத் தொண்டுக் குழு மறுத்தது. ஒகோயோங்கை விட்டு வர மேரியும் இசையவில்லை. திருமணம் நின்றது. அவரால் சமயம் மாறியவர்களும் மிகச் சிலரே. பதினைந்து ஆண்டுகள் கழித்து 1903இல் அங்கே முதல் திருவிருந்து நடந்தபோது கூடியவர்கள் ஒரு கைப்பிடி அளவினர்தாம்.

எடெமின் கல்லறை

சந்தை இடம் மாறியதால் மேரி அக்பாப் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்திருந்த சமயம், எகெங்கேயில் பெரியம்மை பரவியது. ஊர் ஓடியது, மேரி ஊருக்குள் நடந்தார். தம் பழைய வீட்டையே மருத்துவமனையாக்கினார். முதன்முதலில் தமக்கு இடம் தந்த எடெமும் அந்நோய்க்கு இரையானார். புதைக்க ஒருவரும் இல்லை. மேரி தம் கையாலேயே பலகையறைந்து பெட்டி செய்து, குழி தோண்டி, அவரை அடக்கம் செய்துவிட்டு, இருளில் அக்பாப்புக்கு நடந்தார். ஊர்த்தலைவருக்கு அன்று கொட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு பெண்ணின் உழைப்பு மட்டுமே இருந்தது.

இறுதி நாட்கள்

ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. இட்டு, இக்கொட் ஒபொங், யூசே என மேலும் உள்நாட்டுக்குள் சென்றார். இட்டுவில் அவர் பெயரால் மருத்துவமனை எழுந்தது. நடக்க முடியாத காலத்தில் சிறு வண்டியில் வைத்துப் பிள்ளைகள் அவரை இழுத்துச் சென்றனர். 1915 ஜனவரி 13ஆம் நாள் யூசேயில், தாம் வளர்த்த பெண்கள் சூழ, 66ஆம் வயதில் மறைந்தார். உடல் ஆற்றுவழியே டியூக் டவுனுக்கு வந்தது. அரசு மரியாதையுடன் குன்றின்மேல் அடக்கம் நடந்தது. 1956இல் எலிசபெத் அரசியார் அக்கல்லறையில் மலர் வளையம் வைத்தார். 1990களின் இறுதியில் ஸ்காட்லாந்தின் பத்துப் பவுண்டுத் தாளிலும் அந்த ஆலைத் தொழிலாளியின் படம் இடம்பெற்றது.

எல்லோருக்கும் தாய் என்று பொருள்படும் எஃபிக் பெயரை மக்கள் அவருக்குச் சூட்டினர். சுருக்கமாக மா என்றும் அழைத்தனர். பேரரசு தந்த பதவியும் பதக்கமும் அப்பெயருக்கு ஈடாகா.

நண்பர்களே, பட்டம் பெற்றபின் நம்மில் பலர் ஆசிரியராகவும் அலுவலராகவும் சிற்றூர்களுக்குச் செல்வோம். மக்களைத் திருத்தப்போகிறோம் என்ற நினைப்பு அப்போது நமக்கு எழலாம். முதலில் அவர்கள் முற்றத்தில் உட்காரக் கற்போம். அவர்கள் உண்பதை உண்போம். மருந்துக் குப்பியை அனுப்பும் மா எமேக்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள் என்று நம்பி அவர்களைத் தேடுவோம். அழும் குழந்தையின் தொட்டில் கயிறு நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தொண்டு அங்கேதான் தொடங்குகிறது.